லேசருக்கு முன்னாடி லைட் வாங்குங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுப் பாதுகாப்புக்கு சின்ன சைஸ் ஷாட்கன் வச்சிருக்கிறவங்க அதுல என்ன சைட் (குறி பார்க்கிற கருவி) மாட்டலாம்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரையைப் படிச்சேன். ரெட் டாட் (கண்ணாடிக்குள்ள சிவப்புப் புள்ளி தெரியிற சைட்), லேசர் பத்தியெல்லாம் நல்லாவே எழுதியிருந்தாங்க, ஆனா துப்பாக்கியில மாட்டுற லைட்டைப் பத்தி கடைசியில ஒரே ஒரு வரி. அதுதான் மனசு கேக்கல, எழுதுறேன்.

ஷாட்கன்னா குறி பார்க்கவே வேண்டாம், அந்தப் பக்கம் திருப்பிச் சுட்டா போதும்னு இன்னும் நிறைய பேர் நம்புறாங்க. 12 கேஜ் (குழல் அளவு), டபுள் ஓ (குண்டு அளவு) பக்‌ஷாட் ஷெல்லுல, அதாவது ஒரு தோட்டாவுல, வழக்கமா 8 இல்லன்னா 9 குண்டு, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 8.4 மில்லிமீட்டர். சோக் (குழல் நுனியைக் குறுக்குற அமைப்பு) இல்லாத பேரல்ல ஒரு கஜ தூரத்துக்கு ஒரு இஞ்ச் விரியும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு, அப்போ ஒரு ரூம் நீளத்துல அத்தனை குண்டும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள்ள அடங்கிடும். குறி தப்பினா மெல்லிசான தடுப்புச் சுவரைத் துளைச்சுக்கிட்டுப் பக்கத்து ரூமுக்கே போயிடும், அங்க புள்ளைங்க படுத்திருக்கலாம். அதனால சைட் அவசியம்தான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல.

ஆனா எந்த சைட்டுங்கிறது துப்பாக்கிக்குத் தோள்கட்டை இருக்கா இல்லையாங்கிறதைப் பொறுத்தது. மாஸ்பெர்க் ஷாக்வேவ் மாதிரி 14 இஞ்ச் பேரல் மாடலுக்கு வெறும் வளைஞ்ச கைப்பிடிதான். அமெரிக்காவுல 1934 சட்டப்படி 18 இஞ்சுக்குக் குறைஞ்ச பேரல் ஷாட்கன்னைப் பதிவு பண்ணணும், ஷாக்வேவுக்கு ஆரம்பத்துல இருந்தே தோள்கட்டை கிடையாது, மொத்த நீளமும் 26 இஞ்சுக்கு மேல, அதனால அந்தக் கணக்குல வராம விக்கிறாங்க. கன்னத்தை வச்சு அழுத்த இடமே இல்லாததால பேரல் நுனியில இருக்கிற பித்தளை மணியைக் கண்ணுக்கு நேரா கொண்டுவர்றது கஷ்டம், ரெட் டாட் மாட்டினாலும் கண்ணாடிக்குள்ள புள்ளியைத் தேடவேண்டி வரும். இங்க லேசருக்கு நிஜமாவே வேலை இருக்கு. பச்சை லேசர் கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியும், இருந்தாலும் நல்ல வெயில்ல அதுவும் மங்கிடும். தோள்கட்டை இருக்கிற துப்பாக்கின்னா நான் ரெட் டாட் பக்கம்தான், ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சே பார்க்கலாம், ஆனா மவுண்ட் தாழ்வா இருக்கணும், உசரமா மாட்டினா கன்னம் கட்டையில பதியாது.

இப்போ லைட்டுக்கு வர்றேன். லேசர் குண்டு எங்க படும்னு காட்டும், எதிர்ல நிக்கிறது யாருன்னு காட்டாது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஹால்ல நிக்கிறது திருடனா, தண்ணி குடிக்க எந்திரிச்ச பையனான்னு தெரியாம அந்தப் புள்ளி நெஞ்சுல விழுந்து என்ன பிரயோஜனம்? கையில காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா லைட்டை வாங்குங்க, லேசர் அப்புறம் பார்த்துக்கலாம். முன்னும் பின்னும் இழுக்கிற பம்ப் பிடியிலேயே லைட் சேர்ந்து வர்ற மாதிரியும் கிடைக்குது, கையை நகர்த்தாமலே ஸ்விட்சை அமுக்கலாம். ஒரு விஷயம் மட்டும், துப்பாக்கி லைட்டை யார் மேல அடிச்சாலும் குழலும் அவங்க மேலதான் நீட்டியிருக்கும், அதனால ஆளைத் தேட தனியா ஒரு கை டார்ச் கட்டாயம் வேணும். துப்பாக்கி லைட்டைத் தரையைப் பார்த்து அடிச்சாலே சிதறுற வெளிச்சத்துல ரூம்ல யார் இருக்காங்கன்னு பெரும்பாலும் தெரிஞ்சிடும். ரொம்பப் பவரான லைட் வெள்ளைச் சுவர்ல பட்டு நம்ம கண்ணையே கூச வைக்கும்.

கட்டுரையில விட்டுப்போன இன்னொண்ணு ஸ்க்ரூ. 12 கேஜ் உதைக்கிற உதையில மவுண்ட் கொஞ்சம் கொஞ்சமா லூஸாயிடும், வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது, குறி மட்டும் நகர்ந்திருக்கும். நீல நிற லாக்டைட் (ஸ்க்ரூ லூஸாகாம பிடிக்கிற பசை) ஒரு சொட்டு விட்டு முடுக்கிட்டு, ஸ்க்ரூ தலையில இருந்து மவுண்ட் வரைக்கும் பெயின்ட்ல ஒரு கோடு இழுத்து விடுங்க, கோடு விலகியிருந்தா ஸ்க்ரூ திரும்பியிருக்குன்னு அர்த்தம். ரேஞ்சுல ஜீரோ பண்ணும்போதும் (சைட் காட்டுற இடத்துல குண்டு படுற மாதிரி சரி பண்றது) வீட்டுல வச்சிருக்கிற அதே ஷெல்லைத்தான் போடணும், பிராண்ட் மாறினா குண்டு விரியிற விதமும் மாறும், ஸ்லக் (ஒரே பெரிய குண்டு) போட்டுப் பார்த்த ஜீரோ பக்‌ஷாட்டுக்கும் அப்படியே பொருந்தும்னு நினைக்காதீங்க.

அடுத்த தடவை லைட்டுக்குன்னே ஒரு முழுக் கட்டுரை போடுங்க, ஸ்விட்சை எந்த விரலால எப்படி அமுக்கணும்ங்கிற வரைக்கும் படத்தோட.

இப்படிக்கு,
ஒரு வாசகர்