டோரா கேட்கும் கேள்வி

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள சரசு,

தீபாவளிக்கு நீ போட்ட மெசேஜுக்குக்கூடப் பதில் இல்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். நன்றாகத் திட்டு. இங்கே எல்லோரும் சுகம். மஞ்சள் விலையை மட்டும் கேட்காதே. கணக்கு வாத்தியாரின் குடை இன்னும் பத்திரமாக இருக்கிறது.

விஷயம் பேரனைப் பற்றி. பிள்ளைக்கு டிவியே ஆகாது என்கிறாள் மகள். சரி, அவள் பிள்ளை, அவள் சட்டம். ஆனால் சோறு ஊட்டும்போது போனைக் கையில் கொடுத்துவிடுகிறாள்! ஒரு வீடியோ முடியுமுன் அடுத்தது ஓடுகிறது. "கண்ணு, இங்க பாரு" என்றால், இந்த அம்மிச்சி எவள் என்பதுபோல் ஒரு பார்வை.

இவள் மட்டும் எதைப் பார்த்து வளர்ந்தாளாம்? 2007-இல் சுட்டி டிவி வந்ததிலிருந்து வீட்டில் டோரா கார்ட்டூன் ராஜ்ஜியம்தானே. கேள்வி கேட்டுவிட்டு அந்தப் பெண் கண்ணைக் கொட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து நாம் எவ்வளவு சிரித்திருக்கிறோம்! பிள்ளை பதில் சொல்லத்தான் அந்த நிற்றல். இவளும் அதில் திருட வரும் குள்ளநரியைத் தெருவே அதிர அதட்டுவாள். அப்புறம் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் வரைபடம் போடுவாள்: தடப்பள்ளி வாய்க்கால், மஞ்சள் காடு, மாமா வீடு. டோராவின் குரங்கு புஜ்ஜியாக யார் போனது, நீதானே?

இதேபோல் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கும், 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ப்ளூஸ் க்ளூஸ்' நிகழ்ச்சியில் ஒரே கதையைத் திங்கள் முதல் வெள்ளிவரை தினமும் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சலிக்கவில்லை, நாளாக நாளாக இன்னும் உற்சாகமாகப் பதில் சொன்னார்களாம். உன் அப்பத்தாவின் ஒரே பேய்க்கதைக்கு ஒவ்வொரு தடவையும் அலறியவள் நீ, உனக்குப் புரியும்.

சரசு, இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அவனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது, பேச்சு இன்னும் வரவில்லை. காதில் குறை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் நாள் முழுக்க யாரும் அவனிடம் எதையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தால், பிள்ளை யாருக்குத்தான் பதில் சொல்வான்?

நேற்று மகள் வெளியே போன நேரம் பழைய டோரா ஒன்றைப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். பேரன் வாய் திறக்கவில்லை. மலை எங்கே என்று டோரா கேட்டதும் விரலை நீட்டினான். நான் கை தட்டுவதற்குள் நடுவில் விளம்பரம்!

உன் மகனிடம் சொல்லி, விளம்பரம் இல்லாமல் பார்க்க ஏதாவது வழி இருந்தால் செய்து தரச் சொல். என் மகளிடம் மட்டும் மூச்சு விடாதே.

உன்,
ராஜி