தாத்தாவின் கித்தாரை விற்க வேண்டாம், ஐயா

புக்கிட் மெர்தாஜாம்

அன்புள்ள ஐயாவுக்கு,

தாத்தாவின் கித்தாரைக் கொடுத்துவிட்டு கோலாலம்பூரிலேயே புதிதாக ஒன்று வாங்கலாமா என்று போனில் கேட்டாய். கொஞ்சம் பொறு. விரல் நுனி எரிகிறது, எஃப் கோர்டு (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பிடி) பிடித்தால் பாதிக் கம்பி ஊமையாகிவிடுகிறது என்றாயே, அது உன் கையின் குறையே இல்லை. கம்பிகள் ஃபிரெட்டை, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளை, விட்டு ரொம்ப உயரத்தில் நிற்கின்றன. அதை இறக்கினால் அதே கைக்கு அதே கோர்டு வந்துவிடும். போனில் சொன்னால் மறந்துபோவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஓட்டைக்குள் எட்டிப் பார், லேபிளில் ‘நிப்பான் கக்கி’ என்று இருக்கும். யமாஹா கம்பெனிக்கு 1987 வரை அதுதான் பெயர். உன்னைவிட மூத்த கித்தார். ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும் இழுப்பை இத்தனை வருடம் தாங்கியிருக்கிறது. கழுத்து கொஞ்சம் முன்னால் சாய்வதும், பிரிட்ஜுக்கு (உடம்பில் கம்பிகளை மாட்டும் மரக்கட்டை) பின்னால் பலகை லேசாக உப்புவதும் இந்த வயதில் வழக்கம்தான். நம் ஊர் ஈரமும் ஒரு காரணம். கித்தாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள். இங்கே மழை நாளில் 80ஐத் தாண்டும்.

முதலில் ஒரு மெல்லிய காகிதத்தை பிரிட்ஜின் பின்விளிம்பில் நுழைத்துப் பார். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. கம்பிகளைத் தளர்த்தி, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோ. போகவில்லை என்றால் நிம்மதி, மேலே படி.

உயரம் பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். எழுத்து புடைக்காத பேங்க் கார்டு ஒன்று முக்கால் மில்லிமீட்டர் கனம். 12ஆவது ஃபிரெட்டின் மேல், தடித்த ஆறாவது கம்பிக்குக் கீழே மூன்று கார்டு உரசிக்கொண்டு நுழைந்தால் போதும். மெல்லிய முதல் கம்பிக்கு இரண்டு, அல்லது அதற்குச் சற்று மேலே. உன்னுடையதில் நாலைந்து நுழையும் என்று நினைக்கிறேன்.

பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டு 11இல் ஆரம்பிக்கும் செட் போடு (எண் முதல் கம்பியின் கனம், எண் குறைந்தால் கம்பி மெல்லிசு). தாத்தா 12தான் போடுவார், கோயிலில் மைக் இல்லாத காலம், சத்தம் வேண்டும் அவருக்கு. உனக்கு அறைக்குள் 11 தாராளம். இழுப்பு குறைவதால் கழுத்தும் கொஞ்சம் நிமிரும். அதனால் கம்பி மாற்றி ஒரு நாள் விட்டுவிட்டு அப்புறம்தான் மற்றதை அளக்க வேண்டும்.

அடுத்தது கழுத்தின் வளைவு. ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடம்போடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃபிரெட் பக்கம் பார். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி சரி. அதிகமாக இருந்தால் தலைப்பகுதியில் உள்ள சிறிய மூடிக்குள் டிரஸ் ராட்டின் (கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டு) திருகு இருக்கிறது, வலப்பக்கம் திருப்பினால் வளைவு குறையும். ஒரு நாளைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். முரண்டு பிடித்தால் விட்டுவிடு.

எஃப் கோர்டு படுத்துவதற்கு முக்கியக் காரணம் நட், கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் சின்னத் துண்டு. கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தி, முதல் ஃபிரெட்டின் மேல் பார். மயிரிழை இடைவெளி தெரிந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் நட்டின் பள்ளங்கள் உயரம். கம்பிக்கு ஏற்ற தனித்தனி அரம் வேண்டிய வேலை அது. கை வைக்காதே, காசு கொடுத்துச் செய்துகொள்.

சேடலை மட்டும் நீயே செய்யலாம், பிரிட்ஜில் சொருகியிருக்கும் அந்த வெள்ளைத் துண்டு. ஆனால் தாத்தாவுடையதைத் தேய்க்காதே. அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அதே அளவில் எலும்புச் சேடல் வாங்கி அதில் வேலை செய். 12ஆவது ஃபிரெட் கம்பியின் நட்டநடுவில் இருக்கிறது. அங்கே ஒரு மில்லிமீட்டர் இறங்க, சேடலில் இரண்டு மில்லிமீட்டர் போக வேண்டும். பென்சிலால் கோடு போட்டுக்கொள். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, அடிப்பக்கத்தை மட்டும் நேராகத் தேய். மேல் வளைவைத் தொடாதே. அடி கோணலானால் சேடல் பிரிட்ஜில் சரியாக உட்காராது, நாதம் மங்கிவிடும். கோட்டுக்குப் பாதி வந்ததும் நிறுத்தி, கம்பி மாட்டி, ஒரு நாள் வாசித்துப் பார். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது, ஐயா. பிரிட்ஜுக்கு மேலே மூன்று மில்லிமீட்டராவது நிற்க வேண்டும். அவ்வளவு குறைத்தும் உயரம் இறங்கவில்லை என்றால் கழுத்தையே கழற்றிப் பொருத்த வேண்டும். அது செலவு பிடிக்கும் வேலை. அப்படி வந்தால் நானும் பாதி தருகிறேன், விற்கிற பேச்சு மட்டும் வேண்டாம்.

காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற பழக்கத்தை விடு. வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் பசை இளகிவிடும். ஏர்கான் காற்று நேராகப் படும் இடத்திலும் வேண்டாம், பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

ஜூலை 26 புனித அன்னம்மாள் திருநாளுக்கு நீ வர வேண்டும், இந்தக் கித்தாரோடு வர வேண்டும் என்று எனக்கு ஆசை. தாத்தா பாடகர் குழுவுக்கு வாசித்த பாட்டுகள் எல்லாம் ஜி, சி, டி கோர்டுகளுக்குள்தான். கம்பி இறங்கினால் ஒரே வாரத்தில் உனக்கு வந்துவிடும்.

சேடலில் கை வைக்கும் முன்பு 12ஆவது ஃபிரெட்டைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து அனுப்பு, கார்டுகள் தெரியும்படி. நான் பார்த்துச் சொன்ன பிறகு தேய்க்கலாம்.

அன்புடன்,
அம்மா