நாய் கக்குவதெல்லாம் வாந்தி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்பு நாய் சாப்பிட்ட சோற்றைக் கக்கிவிடுவது நாய் வளர்ப்போர் பலரும் பார்த்திருக்கும் ஒன்றுதான் என்றாலும், அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாமல் மூன்று மாதங்களை வீணாக்கியவன் என்ற முறையில், அதே கவலையில் இருக்கும் வாசகர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் நாய்க்கு அப்போது ஆறு வயது. தட்டைக் காலி செய்த சில நிமிடங்களில் தலையைத் தாழ்த்தும். உண்டதெல்லாம் சத்தமின்றித் தரையில் வந்து விழும். இறைச்சித் துண்டுகள் துண்டுகளாகவே இருக்கும். அவற்றைச் சுற்றிக் கோழை படிந்திருக்கும். மஞ்சள் நிறமோ புளித்த வாடையோ இருக்காது. அடுத்த கணமே அதையே மறுபடி தின்னப் போகும். நாங்கள் ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் "வாந்தி எடுக்கிறது" என்று மட்டுமே சொன்னோம். அவரும் வயிற்றுக்கான மருந்துகளையே தந்தார். விலா எலும்புகள் தெரியும் அளவுக்கு இளைத்த பிறகு, என் மகள் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த காட்சியைக் காட்டினோம். அதைப் பார்த்தவுடன் மருத்துவர், "இது ஓங்கரிக்கவே இல்லையே" என்றார். அன்றே எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் உணவுக்குழாய் தளர்ந்து பைபோல விரிந்திருப்பது தெரிந்தது. வயிற்றில் கோளாறே இல்லை. உணவு வயிற்றுக்குப் போய்ச் சேரவே இல்லை.

வாந்தி வேறு, எதுக்களிப்பு வேறு. வாந்தி வருமுன் நாய் எச்சில் ஒழுக்கும், உதட்டை நக்கும், நிலைகொள்ளாமல் நடக்கும். பிறகு வயிறு சுருங்கிச் சுருங்கி ஓங்கரித்து, அரைகுறையாகச் செரித்த உணவையோ மஞ்சள் பித்தநீரையோ வெளியே தள்ளும். எதுக்களிப்பில் இந்த முயற்சி எதுவும் இராது. விழுங்கியது செரிக்காமல் தானாகத் திரும்பி வரும். பின்னதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. திரும்பி வரும் உணவு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வந்து உயிருக்கே உலை வைத்துவிடும். உணவுக்குழாய் தளர்ந்த நாய்க்கு உணவை உயரத்தில் வைத்து, முன்னுடல் நிமிர்ந்த நிலையில் ஊட்டி, அதன்பின் 15 முதல் 20 நிமிடம் வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இன்று வேளைதோறும் அதைத்தான் செய்கிறோம். நாய் மறுபடி தேறி வருகிறது.

உண்மையான வாந்தியாக இருந்தால், சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்பது முக்கியமான தடயம். அவசரமாக விழுங்கும் நாய் உடனே கக்கலாம். அதற்கு ஒரு வேளை உணவை மூன்று நான்காகப் பிரித்துக் கொடுப்பதும், அகன்ற தட்டில் பரப்பி வைப்பதும் பெரும்பாலும் போதும். எட்டு, பத்து மணி நேரம் கழித்தும் உணவு அப்படியே வந்தால் வயிறு காலியாவதில் தடை இருக்கக்கூடும். விழுங்கிய எலும்புத் துண்டோ துணியோ பந்தோ சிக்கியிருக்கலாம். விடியற்காலையில் வெறும் மஞ்சள் நீராக மட்டும் வருவது வெறும் வயிற்றினால் இருக்கலாம். இரவு படுக்குமுன் சிறிது உணவு கொடுத்தால் பல நாய்களுக்கு நின்றுவிடும். உணவைத் திடீரென மாற்றுவது, குடற்புழு, கொழுப்பான உணவுக்குப் பின் வரும் கணைய அழற்சி, சிறுநீரகக் கோளாறு என்று காரணங்கள் நீளும். புது உணவுக்கு மாற்றுவதானால் பழையதோடு கலந்து 7 முதல் 10 நாட்களில் படிப்படியாக மாற்ற வேண்டும்.

காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. உடல் பெருத்து மார்பு ஆழமாக உள்ள இன நாய், வயிறு உப்பி, எதுவுமே வராமல் திரும்பத் திரும்ப ஓங்கரித்தால் வயிறு முறுக்கிக் கொண்டிருக்கலாம். சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும், அறுவை சிகிச்சையே வழி. தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகச் சோர்ந்து படுத்தால் பார்வோ என்னும் கொடிய வைரஸ் நோயாக இருக்கக்கூடும். வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற கருந்துகளோ தெரிந்தாலும், குடித்த தண்ணீர்கூடத் தங்காவிட்டாலும், ஈறு வெளுத்திருந்தாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். ஈற்றை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். தாமதமானால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்று பொருள்.

ஓரிரு முறை கக்கிவிட்டுச் சுறுசுறுப்பாக இருக்கும் வளர்ந்த நாய்க்குச் சில மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு தந்து, தண்ணீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்து, பின்னர் தோல் நீக்கி வேகவைத்த கோழி இறைச்சியும் சோறும் மசாலா இல்லாமல் சிறிது சிறிதாகத் தரலாம். குட்டிகளையும் மிகச் சிறிய இன நாய்களையும் நீரிழிவு உள்ள நாய்களையும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி போடக் கூடாது. மனிதர் மாத்திரையை எடுத்துக் கொடுப்பதைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாய்களுக்கு நஞ்சாகக்கூடியவை. "நமக்குக் கேட்கிற மருந்துதானே" என்ற எண்ணத்தில் கொடுப்பவர்கள் அதன் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பலியிடுகிறார்கள்.

ஆகவே ஒவ்வொருவரும் கக்கிய நேரம், சாப்பிட்ட நேரம், நிறம், ஓங்கரித்ததா இல்லையா ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்து, முடிந்தால் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டுகிறேன். தங்கள் நாளிதழ் வாரம் ஒரு முறை கால்நடை மருத்துவர்கள் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி ஒன்றைத் தொடங்க வேண்டும். அதன் முதல் வாரத்திலேயே இந்த வேறுபாட்டைப் படத்துடன் விளக்கினால், எங்கள் நாயைப் போல இளைத்துக்கொண்டிருக்கும் நாய்களுக்குச் சரியான சிகிச்சை விரைவில் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டநாள் வாசகர்