பிறவி மூக்குக் குறைபாட்டுச் சீரமைப்பை ‘அழகு சிகிச்சை’ என ஒதுக்க வேண்டாம்: கோரிக்கை மனு

பெறுநர்:
உயர்திரு சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: பிறவியிலேயே மூக்குக் குருத்தெலும்புக் குறைபாடு உள்ளோரின் சீரமைப்பு அறுவை சிகிச்சையை அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உதட்டுப் பிளவுடன் பிறந்த ஒரு பெண்ணின் தகப்பன் நான். உதட்டைத் தைக்கக் காப்பீடு கிடைத்தது. அதே பிளவால் சரிந்த மூக்கைச் சரிசெய்யக் கேட்டபோது, அது அழகுக்காகச் செய்வது என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள்.

பிளவு உதட்டோடு நிற்பதில்லை. அந்தப் பக்கத்து நாசித் துளையைத் தாங்கும் குருத்தெலும்பு தட்டையாகிச் சரிந்து கிடக்கும். மூக்கின் நடுச்சுவரும் வளைந்து மூச்சுப் பாதையைக் குறுக்கும். பிளவே இல்லாமல், குருத்தெலும்பின் ஒரு பகுதி மட்டும் உருவாகாமல் போவதும் அரிதாக உண்டு. தாங்கல் இல்லாத நாசி, மூச்சை இழுக்கும்போது உள்ளே ஒடுங்கிவிடும். இரவெல்லாம் வாயால் மூச்சுவிடும் பிள்ளைக்கு இது அழகுப் பிரச்சினையா?

அடுத்தது வயது. உதட்டைத் தைக்கும்போதே, பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில், மூக்கையும் ஓரளவு நிமிர்த்தலாம். முழுச் சீரமைப்பு அப்போது முடியாது. மூக்கின் வளர்ச்சிக்கு நடுச்சுவர்க் குருத்தெலும்பு முக்கியம்; சிறுவயதில் அதை அதிகம் வெட்டினால் மூக்கும் நடுமுகமும் வளர்ச்சி குன்றக்கூடும். அதனால் பெண்களுக்கு 15, ஆண்களுக்கு 17 வயதை ஒட்டித்தான் பொதுவாக முழுச் சீரமைப்பைச் செய்கிறார்கள். நடுச்சுவரிலிருந்தோ காதிலிருந்தோ, நிறையத் தேவைப்பட்டால் விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து மூக்குக்குத் தாங்கல் கட்டுகிறார்கள். விலாக் குருத்தெலும்பு பின்னாளில் வளைந்துகொள்வதும் உண்டு. அப்போது மறுபடியும் அறுவை. ‘குழந்தைகள் திட்டம்’ என்று 18 வயதில் கதவைச் சாத்தினால், மருத்துவர் சொன்னபடி பொறுத்திருந்த குடும்பங்கள்தான் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே, பிறவிக் குறைபாட்டுக்கான மூக்குச் சீரமைப்பைக் காப்பீட்டு விதிகளில் அழகு சிகிச்சைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டுகிறேன். முதல் அறுவைக்குத் தரும் ஒப்புதலே அடுத்த கட்டங்களுக்கும், தேவைப்பட்டால் மறு அறுவைக்கும், 18 வயதைத் தாண்டியும் செல்ல வேண்டும். விண்ணப்பத்தை நிராகரிப்பதானால், ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) நிபுணர் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இப்போது வரும் ஒற்றை வரிப் பதிலை வைத்துக்கொண்டு மேல்முறையீடுகூடச் செய்ய முடிவதில்லை.

மகளின் மருத்துவ அறிக்கையையும் நிராகரிப்புக் கடிதத்தின் நகலையும் இணைத்துள்ளேன். விதி மாறும்வரை காத்திராமல் அவளுடைய விண்ணப்பத்தை மறுபரிசீலனை செய்ய உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்