உன் விண்ணப்பக் கடிதத்தைப் படித்தேன்

அன்புள்ள கதிர்,

இங்கு அனைவரும் நலம். அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது. மேற்படிப்புக்காக நீ ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தை நேற்று இரவே படித்துவிட்டேன். விஷயம் நன்றாக இருக்கிறது. வினைச்சொற்களுக்கு நீ சேர்த்திருக்கும் அடைசொற்கள்தான் பல இடங்களில் ஒட்டவில்லை.

இரண்டாம் பத்தியில் 'ஐ ஒர்க்ட் ஹார்ட்லி' என்று இருக்கிறது. தமிழில் 'கடினம்' என்பதோடு 'ஆக' சேர்த்தால் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் 'ஹார்ட்' என்பதோடு 'லி'யைச் சேர்த்துவிட்டாய். ஆனால் 'ஹார்ட்லி' என்றால் அநேகமாக இல்லவே இல்லை என்று பொருள். உன்னைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களிடம் நீயே இப்படி வாக்குமூலம் தர வேண்டுமா? 'ஒர்க்ட் ஹார்ட்' போதும். 'லேட்' என்றால் தாமதமாக, 'லேட்லி' என்றால் அண்மைக்காலமாக. அதிலும் கவனமாக இரு.

வெள்ள நிவாரணப் பத்தியில் மழை 'ஸ்ட்ராங்லி' பெய்கிறது. நமக்குப் பலத்த மழை, பலத்த காற்று, இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் காற்று 'ஸ்ட்ராங்லி' வீசலாம், மழைக்கு 'ஹெவிலி'தான். பரிந்துரைக்க 'ஸ்ட்ராங்லி' பொருந்தும், வருந்துவதற்கு 'டீப்லி' வேண்டும். இதற்கெல்லாம் காரணம் கேட்காதே. நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம், தேம்பித் தேம்பி அழுகிறோம். யாராவது தேம்பித் தேம்பிச் சிரித்ததாக எழுதினால் உன் பாட்டிகூட விடமாட்டார். அவருக்கு யார் இலக்கணம் சொல்லிக்கொடுத்தார்கள்?

எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்ற இந்தச் சொற்சேர்க்கையை மொழியியலில் முக்கியமான கருத்தாக்கிய ஜே.ஆர். ஃபிர்த், 1919 முதல் 1928 வரை லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். நம் நாட்டு விடைத்தாள்களைத் திருத்தித்தான் அந்த எண்ணம் வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அது கிடக்கட்டும்.

'ஐ லைக் வெரி மச் ரிசர்ச்' என்ற வாக்கியத்தில் 'வெரி மச்' கடைசிக்குப் போக வேண்டும். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் ஆங்கிலம் இடம் தராது. 'மிகவும் விரும்புகிறேன்' என்பதை நினைத்து 'வெரி லைக்' என்றும் எழுதிவிடாதே.

'சக்சஸ்ஃபுல்லி கம்ப்ளீட்டட்' என்று மூன்று இடங்களில் இருந்தது, மூன்றிலும் முதல் சொல்லை அடித்துவிட்டேன். பட்டம் வாங்கிவிட்டாய் என்றால் வெற்றிகரமாகத்தானே முடித்திருப்பாய்! 'ரிட்டர்ன் பேக்'கில் 'பேக்' வேண்டாம்.

சந்தேகம் வந்தால் 2002இல் முதல் பதிப்பு வந்த ஆக்ஸ்ஃபோர்டு சொற்சேர்க்கை அகராதியைப் பார். அடைசொல்லைத் தேடினால் கிடைக்காது. வினைச்சொல்லின் கீழே அதனோடு வரும் அடைசொற்களை வரிசையாகக் கொடுத்திருப்பார்கள்.

திருத்திய பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். கடைசி வரியில் உள்ள 'சின்சியர்லி ஹோப்' சரியான ஜோடி, அதை நான் தொடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் திருத்திய படியை அனுப்பு, இன்னொரு முறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா