வாசிப்பு அறைத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குச் செயற்குழுவின் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் மன்றத்தின் வாசிப்பு அறை வேலை முடிந்துவிட்டது. கூரை ஒழுக்கை அடைத்தாயிற்று. மின்கம்பிகள் புதியவை. அலமாரிகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கியிருக்கிறோம். வரவு செலவுக் கணக்கு தனித்தாளில் வருகிறது.

கிழக்குச் சுவரைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் ஆறாவது அதிபர் எஸ்.ஆர். நாதனின் வாழ்க்கையை அங்கே படங்களாக வைத்திருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது என்பதில் குழுவுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. அதிபர் மாளிகையான இஸ்தானாவிலிருந்து என்றார்கள் சிலர். கடைசியில், 16 வயதில் அம்மாவிடம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடிய பையனை முதல் படமாக வைத்தோம். ஜொகூரின் மூவாரில் வளர்ந்தவர், எட்டு வயதில் தந்தையை இழந்தவர், பள்ளிப்படிப்பு பாதியில் நின்றவர். வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1954-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூக ஆய்வுப் பட்டயம் பெற்றார். அடுத்த ஆண்டே மருத்துவச் சமூக ஊழியர். நோயாளி வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று விசாரிக்கிற வேலை அது. பெரிய பதவிகளுக்கு அப்புறம்தான் அவருக்குக் கொடையுள்ளம் வந்தது என்று நினைப்பவர்கள் இந்தச் சமூக ஊழியர் படத்தின் முன் சற்று நிற்க வேண்டும். எங்களுக்குப் பிடித்த படமும் இதுதான்.

1974 லாஜு படகுக் கடத்தலைப் பெரிதாகவே அச்சிட்டோம். படகையும் அதன் பணியாளர்களையும் பிடித்துவைத்த ஆயுதம் தாங்கிய நால்வருடன் பிணையாகக் குவைத்துக்குப் பறந்த சிங்கப்பூர் அதிகாரிகளுக்கு அவர் தலைமை தாங்கினார். பிள்ளைகள் அங்கேதான் கூடுவார்கள் என்பது தெரியும்.

தூதர் பதவிகளை ஒரே படத்தில் முடித்துவிட்டோம். இந்து அறக்கட்டளை வாரியத் தலைமைக்கும், இந்தியச் சமூகத்தின் கல்விக்கு உதவும் அமைப்பான சிண்டாவின் தொடக்க நாட்களுக்கும் தனித்தனிப் படங்கள். 1999 முதல் 2011 வரை அதிபர். அந்தக் காலத்தில், 2000-இல், அறநிறுவனங்களுக்கு நிதி திரட்டும் அதிபர் சவாலைத் தொடங்கினார். பிறகு, வசதி குறைந்த மாணவர்களுக்காக அவர் பெயரில் அமைந்த கல்வி மேம்பாட்டு நிதி. அதுவே கடைசிப் படம்.

முதலில் வந்த அச்சில் அவர் பெயரே பிழையாக இருந்தது. திருப்பி அனுப்பி மறுபடி வாங்கியதால்தான் திறப்பு தள்ளிப்போனது, பொறுத்துக்கொண்டீர்கள், நன்றி.

அறையை மாலையில் திறந்து மூட ஆள் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் பொறுப்பேற்க முடிந்தவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.