உன் மகள் மடித்த வெற்றிலை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மோல்மேனில் எல்லோரும் நலம். மழை பிடித்துவிட்டது, துணி காய்வதில்லை, மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

பிள்ளைகள் உன் பேச்சைக் கேட்பதில்லை, பல் தேய்க்கவும் கை கழுவவும் நானே போனில் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் எனக்குத் தலையாட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். அதனால் உனக்கே எழுதுகிறேன். மருமகளுக்கும் படித்துக் காட்டு. பாவம், வேலைக்கும் போய்விட்டு வந்து இவர்களோடும் மல்லுக்கட்டுகிறாள்.

பல் தேய்த்தால் ஒரு நட்சத்திரம் என்று சுவரில் அட்டை ஒட்டியிருக்கிறாயாமே. நட்சத்திரம் சேர்ந்தால் ஒரு பாக்கெட் இனிப்பு டீமிக்ஸ் கலந்து தருவாய் என்றும் பாப்பா சொன்னாள். பல் தேய்த்ததற்குக் கூலி சர்க்கரையா? கோயில் தமிழ் வகுப்பில் வருஷக்கணக்காகப் பார்க்கிறேன், பரிசுக்காகச் செய்கிற பிள்ளை பரிசு நின்ற அன்றே நிறுத்திவிடும். ஊசி போட்டுவிடுவார்கள் என்று பயமுறுத்துவதும் வேண்டாம். நாளைக்கு நிஜமாகவே ஊசி போட வேண்டி வந்தால் அவளை யார் பிடித்து உட்கார வைப்பது?

அட்டையை எடுத்துவிடு. ராத்திரிச் சாப்பாடு முடிந்து நீ எழுந்திருக்கும்போதே அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பல் தேய். அதற்குப் பிறகு தண்ணீர் தவிர வேறு எதுவும் வாயில் போகக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் நடந்தால் கொஞ்ச நாளில் அவர்களே பிரஷைத் தேடுவார்கள்.

பற்பசை ஃபுளோரைடு உள்ளதாகப் பார்த்து வாங்கு. மூன்று வயது ஆகாத சின்னவனுக்கு ஒரு அரிசி அளவு, பாப்பாவுக்கு ஒரு பட்டாணி அளவு, அவ்வளவு போதும். விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கினால் பாதி வயிற்றுக்குள்தான் போகும். அவர்கள் தேய்த்து முடித்ததும் நீ ஒரு முறை தேய்த்துவிட வேண்டும். ஏழெட்டு வயது வரைக்கும் கடைவாய்ப் பல்லை அவர்களால் சரியாகத் தேய்க்க முடியாது. பாப்பாவுக்கு ஆறு வயதாகிறதே, ஒரு நாள் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார். கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் பெரிய பல் ஒன்று எட்டிப் பார்க்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது விழுந்து முளைக்கிற பல் இல்லை. சொத்தையாகிப் போனால் போனதுதான்.

கை கழுவுவதற்கு இருபது விநாடி சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். ஒன்றிலிருந்து இருபது வரை தமிழில் நிதானமாக எண்ணச் சொல். பர்மிய மொழியில் எண்ணினாலும் கை சுத்தமாகத்தான் ஆகும், ஆனால் இதையாவது தமிழில் எண்ணட்டுமே. அப்புறம், முகம் கழுவாமல் மேலே தனாக்காப் பட்டையை அரைத்துப் பூசிப் பள்ளிக்கு அனுப்புகிற வேலை வேண்டாம். வீடியோவில் கழுத்து அழுக்கு எனக்குத் தெரிகிறது.

மழைக்காலம் ஆனதால் இன்னொன்று. பின்பக்கம் வைத்திருக்கிற தண்ணீர் டிரம்மை வாரம் ஒரு நாள் கவிழ்த்துவிட்டு உட்சுவரைப் பிரஷால் தேய். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. டெங்குக் கொசு தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே சுவரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். பொரிந்த புழு ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும், அதனால்தான் வாரக் கணக்கு. இந்த வேலையைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய். புழு நெளிவதைக் கண்ணாடி கிளாஸில் பிடித்துக் காட்டு, பாப்பா ஒரு வாரத்துக்கு அதையே பேசுவாள். அந்தக் கொசு பகலில்தான் கடிக்கும், எனவே சின்னவன் மத்தியானம் தூங்கும்போதும் வலை கட்டு.

இனி நான் எழுத வந்த விஷயம். உனக்குப் பிடிக்காது, ஆனாலும் படி.

பர்மியப் புத்தாண்டான திஞ்சான் லீவுக்கு வந்திருந்தபோது பாப்பா பின்கட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு இலையைக் கிள்ளி, புடவையில் துடைப்பதுபோல என் முந்தானையில் இரண்டு பக்கமும் துடைத்தாள். விரலால் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி தடவினாள், ஒரு சின்னக் கல்லைப் பாக்காக வைத்து நாலாக மடித்தாள். மடித்ததை இடது கன்னத்தில் ஒதுக்குவதுபோலப் பாவனை செய்துவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து வாசல் ஓரமாகத் துப்பினாள். அசப்பில் நீதான். இதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. எந்த நட்சத்திரமும் இல்லாமல் எவ்வளவு சுத்தமாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள் பார்!

ஊரே வெற்றிலை போடுகிறது, தெருமுனைக்குத் தெருமுனை கூன்யா என்கிற வெற்றிலைக் கடை இருக்கிறது என்பாய். புகையிலை வைக்காமல்தானே போடுகிறேன் என்றும் சொல்வாய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது, புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் தரும் என்று. பாக்கே கெடுதல், தம்பி. காரம் பட்டால் வாய் எரிகிறதா? முன்பு போல அகலமாகத் திறக்க முடியாமல் இருக்கிறதா? கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாகத் தடித்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதே.

நீ சாப்பிட்டதும் கடைக்கு நடந்துவிட்டு வந்து, சிவந்த வாயோடு அவளைப் பல் தேய்க்கச் சொன்னால் அவள் உன் வாயைத்தான் பார்ப்பாள். ஆறு வயதுப் பிள்ளை கேட்கவில்லை என்று என்னிடம் குறை சொல்லாதே.

இந்த மாதம் சம்பளம் வந்ததும் பாப்பாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போ. அவளுக்கு முன்னால் நீ நாற்காலியில் உட்கார்ந்து வாயைக் காட்டு. டாக்டர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே போன் செய், மறைக்காமல் சொல். மறைத்தாலும் மருமகள் எனக்குச் சொல்லிவிடுவாள்.

அன்புடன்,
அம்மா